குதிரைக்குக் கொடுத்த பயம்

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். காலையில் இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் நீர் வடிகிறது, மருந்து விட்டுக்கொள்கிறேன். உன் உடம்பு எப்படி? மலையில் குளிர் குறைந்ததா? கம்பளிச் சட்டை போதவில்லை என்றால் எழுது, இன்னொன்று அனுப்புகிறேன்.

அருங்காட்சியகத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். படங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த இருவரும் படையில் சேர்ந்துவிட்டார்களாம். 'போர்க்களத்தில் குதிரை' என்று ஒரு கண்காட்சி. கிடங்கில் இருக்கும் ஓவியம், அச்சுப்படம், சிலை எல்லாவற்றிலிருந்தும் குதிரை உள்ளதைப் பொறுக்கி மேல்கூடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி நான் எழுத வேண்டும். என்னால் முடியுமா என்பது சந்தேகம்தான். வாசலில் காவல்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "கோந்து சார் வந்தாச்சு! இனிமே கழண்டதெல்லாம் ஒட்டிக்கும்!" என்று கத்தினார். குறிப்புச் சீட்டுகளை ஒட்டி ஒட்டியே வாங்கிய அந்தப் பட்டப்பெயரை மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

இனி, எப்படி எழுதுவது என்று நான் தயங்கிய விஷயம். மாடிவீட்டு ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒரு விதியைச் சொன்னார். எழுபது கடந்து, மனைவியை இழந்து, தனியாக இருக்கும் தகப்பனுக்கு ஒரே பிள்ளை படையில் இருந்தால், தகப்பன் மனுக் கொடுத்தால் பிள்ளையை ஊருக்கே மாற்றிவிடுவார்களாம். தகப்பன்தான் கேட்க வேண்டும். பிள்ளை கேட்கக் கூடாது. ஜூன் மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

படைக் குதிரைகளுக்கு மருத்துவராக நீ விரும்பிப் போன வேலை. உன்னைக் கேட்காமல் நான் மனுக் கொடுத்து, அப்பா கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார் என்று நீ பின்னால் நினைத்தால் அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே 'சரி' என்று ஒரே ஒரு வரி எழுது. மறுநாளே கொடுத்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகமும் தீர்த்துவை. பழைய படங்களில் பாயும் குதிரை முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு காற்றில் கிடக்கிறது. அப்படி ஒரு ஓட்டம் உண்டா?

உன் நலமே கோரும்,
அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கவலைப்படும்படி எதுவும் இல்லை. கண்ணில் நீர் வடிவதற்குக் குதிரைக்குக் கொடுக்கும் மருந்துதான் எனக்குத் தெரியும். அனுப்பட்டுமா?

மனுவெல்லாம் வேண்டாம். இங்கே ஆள் குறைவு. நானும் போய்விட்டால் யார் பார்ப்பது? இங்கிருந்து போகும் கடிதத்தை எல்லாம் மேலதிகாரி படித்துப் பார்த்துத்தான் உறையை ஒட்டுகிறார். ஆகவே, இதைப் படிக்கும் அதிகாரி ஐயா, உங்களுக்கும் ஒரு வணக்கம்.

நீங்கள் சொல்லும் ஓட்டம் எந்தக் குதிரைக்கும் வராது. நாலு காலும் தரையை விட்டு எழும்பும் நொடி ஒன்று உண்டு. ஆனால் அப்போது கால்கள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும். வரைந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. லாடம் அடிக்கும் அண்ணனிடமும் கேட்டேன். எல்லோரும் அவரை ஆணி என்றுதான் கூப்பிடுவோம். "படத்துல ஓடுற குதிரைக்கு லாடம் அடிச்சா கூலி உண்டா டாக்டரம்மா? இல்லைல்ல? அப்ப அது தலைகீழா ஓடுனா எனக்கென்ன?" என்றார்.

போன வாரம் ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை வந்திருக்கிறது. ஊருக்குள் வண்டி இழுத்துப் பழகியது போலிருக்கிறது. சாதுவான குணம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. தீனியை மட்டும் முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்ததில் மனம் நிம்மதியானது. நானும் சுகமே. குதிரை மருந்து வேண்டாம்.

மனு வேண்டாம் என்றாய். சரி. கேட்டதே தப்போ என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மனுவை எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். மனம் மாறினால் சொல்.

இத்தனை நாள் இந்தப் படங்களையே பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. நான் பெரிய அறிஞன் இல்லை, தவறாகவும் இருக்கலாம். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய ஓவியம். வெள்ளைக் குதிரை மேல் ஒரு தளபதி. குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. அவர் ஒற்றைக் கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, வயிறார உண்டு எழுந்தவர் மாதிரி எங்கோ பார்க்கிறார். குதிரையின் கண்ணோ வெள்ளை தெரிய உருண்டு, மூக்கு விடைத்து, வாயில் நுரை. பக்கத்தில் ஓர் அச்சுப்படம், குதிரைப்படை பாய்கிறது. வீரர்களின் முகம் எல்லாம் ஒரே வார்ப்பு. குதிரைகள்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மிரண்டிருக்கின்றன. இன்னொன்று பழைய சிற்றோவியம். சேணத்தில் ஜரிகை வேலைகூட எண்ணி எடுக்கலாம், அவ்வளவு நுணுக்கம். அதில் அம்பு தைத்த ஒரு குதிரை மட்டும் கழுத்தைத் திருப்பி, பார்க்க வந்த நம்மைப் பார்க்கிறது. மனிதர் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை.

தளபதி பயந்ததாக வரைந்தால், பணம் கொடுத்து வரையச் சொன்னவர் சும்மா விடுவாரா? ஆனால் வரைந்தவனுக்கு அங்கே பயம் இருந்தது தெரியும். அதை எங்காவது வைத்தாக வேண்டும். கொண்டுபோய்க் குதிரையின் கண்ணில் வைத்துவிட்டான். ஒரு போர்ப்படத்தில் பயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் குதிரையைப் பார்க்க வேண்டும்.

காவல்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப எங்க வீட்டுல நான்தான் சார் குதிரை," என்றார். "என் சம்சாரம் எதுக்கும் அசையாது. ரெண்டு பேர் பயத்தையும் சேர்த்து நான் ஒருத்தனே பயப்படுறேன்."

அந்தப் பெட்டைக் குதிரை தின்கிறதா? தவிட்டை வெந்நீரில் பிசைந்து, கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுத்துப் பார். ஒரு பழைய கைப்புத்தகத்தில் படித்தேன். உனக்குத் தெரியாததா?

அன்புடன்,
அப்பா


மே 3

அன்புள்ள அப்பா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை அதிகம். மற்றபடி சௌக்கியம்தான்.

நீங்கள் எழுதியதைப் பல தடவை படித்தேன். படத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நிஜக் குதிரை அப்படிக் கண்ணை உருட்டிக் காட்டிக்கொண்டே இருக்காது. வெடிச்சத்தம் கேட்ட நொடியில் மிரளும், சரி. பயம் உள்ளே போய்த் தங்கிவிட்டால் வெளியே தெரியவிடாது. அது வேட்டையாடப்படும் பிராணி. தனக்கு முடியவில்லை என்று காட்டிக்கொண்டால் கொல்லுகிறவன் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பான். அதனால் நன்றாக நிற்கும். கூப்பிட்டால் வரும். சொன்ன வேலையைச் செய்யும். காது மட்டும் கொஞ்சம் பின்வாங்கியிருக்கும். தெரியாதவர்கள் 'தங்கமான குதிரை' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சும்மா நிற்கும் குதிரையை யாராவது வரைந்திருக்கிறார்களா அப்பா? சண்டைக்கு முன்னாலும் பின்னாலும் அவை சும்மாதான் நிற்கின்றன. பெரும்பாலும் போர் என்பது அதுதான்.

செம்பழுப்புக் குதிரையைக் கேட்டிருந்தீர்கள். தவிடு தின்னவில்லை. இப்போது அது படுப்பதும் இல்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும், உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆழ்ந்து தூங்க வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். பக்கத்தில் இன்னொன்று விழித்து நின்றால்தான் நம்பிப் படுக்கும். இது தனியாக நிற்கிறது. படுக்காமலே இருப்பதால் பகலில் நிற்கும்போதே முன்னங்கால் மடங்கி விழுகிறது. விழுந்த உடனே எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்க்கிறது.

இந்த மாதிரிக் குதிரையைக் கீழே அனுப்பிவிட விதி உண்டு. ஆனால் குதிரை போய்க் கேட்க முடியாது. அதன் சொந்தக்காரர் எழுதிக் கேட்க வேண்டும். அவர் இன்னும் கேட்கவில்லை. நல்ல மனிதர்தான்.

உங்கள் மகள்


மே 16

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தக் குதிரையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சொந்தக்காரர் என்ன மனிதர்! ஒரு தாளில் நாலு வரி எழுதிப் போடுவதற்கு அவருக்கு என்ன தயக்கம்? வாயில்லாத ஜீவன், அதுவாகவா வந்து கேட்கும்? அவர் பெயரையும் விலாசத்தையும் அனுப்பு. உன் பெயர் வராதபடி நானே பணிவாக எழுதுகிறேன். எனக்கு இப்படியெல்லாம் துணிச்சல் வராது என்பது உனக்குத் தெரியும்; ஆனால் இதற்கு எழுதுவேன்.

சும்மா நிற்கும் குதிரையைத் தேடினேன். கிடங்கின் அடித்தட்டில் ஒரு சிறிய பென்சில் படம் கிடைத்தது. மழையில் வரிசையாகக் கட்டிய குதிரைகள், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆள் யாரும் இல்லை. வரைந்தவர் கையெழுத்தும் இல்லை. காப்பாட்சியரிடம் காட்டினேன். "இதுல போர் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். திரும்பக் கிடங்கிலேயே வைத்துவிட்டேன்.

என் குறிப்புகளையும் அவர் படித்தார். "அருமையா எழுதியிருக்கீங்க சார். ஆனா இந்தக் கண்ணு விஷயம் வேணாம்."

"படத்துல இருக்கறதைத்தான்..."

"இருக்கட்டும் சார். படத்துலயே இருக்கட்டும். பிள்ளைகளை அனுப்பிட்டு வர்ற ஜனங்க. அவங்களைப் போய் பயம் எங்க இருக்குன்னு தேடச் சொல்றதா? 'வீரப் புரவி'ன்னு போடுங்க, முடிஞ்சுது."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்னவோ. 'வீரப் புரவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதை மறுபடி எடுப்பது அழகில்லை. ஜூன் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு வரி போதும்.

அன்புடன்,
அப்பா


ஜூன் 10

அன்புள்ள அப்பா,

நலமே.

அந்தச் சொந்தக்காரரின் விலாசம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். குதிரை பழகிக்கொண்டது. இப்போது தொந்தரவு எதுவும் இல்லை.

நீங்கள் கேட்ட அந்த விஷயத்துக்கு முன்பு சொன்ன பதில்தான். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

கண்ணுக்கு மருந்தை விட்டுவிடாதீர்கள்.

மகள்


ஜூன் 27

அன்புள்ள மகளுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் சிறியதாக இருந்தாலும் பெரிய ஆறுதல். குதிரை பழகிவிட்டது என்று படித்ததும் மாடிவீட்டாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எந்தக் குதிரை என்றே தெரியாது. பாவம், "ரொம்ப நல்லதுங்க," என்றார்.

கண்காட்சியைத் திறந்துவிட்டார்கள். நல்ல கூட்டம். வெள்ளைக் குதிரையின் முன்னால்தான் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே 'வீரப் புரவி' என்று என் எழுத்து. கண்ணை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.

ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். சின்ன வயது. ஒரு கால் முழங்காலோடு சரி. அதே ஓவியத்தில் தளபதிக்குக் கீழே ஒரு கறுப்புக் குதிரையும் செத்துக் கிடக்கிறது; அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு காவல்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே எழுதினது? மேல உட்கார்ந்திருக்கறவரு பேரு, அவங்கப்பா பேரு, அவரு பிடிச்ச ஊரு பேரு, எல்லாம் போட்டிருக்கீங்க. கீழ கிடக்குதே, இது பேரு?"

"தெரியலை தம்பி. எந்தப் புத்தகத்துலயும் இல்லை."

"தீனி வச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"அவனை யாரும் கேட்கலை," என்று சொல்லிவிட்டு, தட்டுத் தட்டென்று படியிறங்கிப் போனார்.

அந்தப் பெட்டைக் குதிரைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்? இத்தனை கடிதத்தில் நான் கேட்கவே இல்லை பார்.

மனுவை எடுத்துக் கடைசியாக ஒரு தடவை படித்தேன். நீ இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிவிட்டாய். உன் சொல்லை மீறி நான் எதுவும் செய்யமாட்டேன். மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா


ஜூலை 22

அன்புள்ள மகளுக்கு,

உன் பதில் வரவில்லை. வேலையாக இருப்பாய். குதிரையின் பெயரைக் கேட்டதில் ஏதாவது தப்பாகிவிட்டதா? நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உறையின் மேல் என் விலாசத்தை மட்டும் எழுதி வெறும் தாளை வைத்து அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அப்பா


ஆகஸ்ட் 5

ஐயா அவர்களுக்கு,

லாடம் அடிக்கற ஆணி வணக்கத்தோட எழுதறது. நீங்க நல்லா இருக்கணும். இந்தக் கடிதம் தணிக்கைக்குப் போகலை. கீழ போற டிரைவர்கிட்ட கொடுத்து விடறேன். உங்க கடிதம் ரெண்டும் பிரிக்காம இங்கயே கிடந்தது. நான் பிரிச்சுப் படிச்சேன். மன்னிக்கணும். யாராவது பதில் எழுதித்தானே ஆகணும்.

டாக்டரம்மா இப்ப இங்க இல்லை. உசுருக்கு ஒண்ணும் இல்லை, முதல்ல அதைச் சொல்லிடறேன். கீழ டவுன்ல ராணுவக் காவல்ல இருக்காங்க.

நீங்க பேர் கேட்ட குதிரை எதுன்னு எனக்குப் புரியலை ஐயா. இங்க குதிரையே கிடையாது. குளிர் முடியறதுக்குள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சு. மார்ச்சுல இருந்து அடிக்க லாடம் இல்லாம நான் ஸ்ட்ரெச்சர்தான் தூக்கறேன். அம்மா பார்த்ததெல்லாம் மனுசங்களைத்தான். மனுச டாக்டர் செத்துட்டாரு. கத்தி பிடிக்கத் தெரிஞ்ச ஆளு இவங்க ஒருத்தர்தான்னு கை கால் எடுக்க இவங்களை நிறுத்திட்டாங்க. "ஆணி, நான் மாட்டு டாக்டர்"னு ஒரு நாள் சொன்னாங்க. மறுநாள்லேர்ந்து அதுவும் சொல்றதில்லை.

படுத்துத் தூங்க மாட்டாங்க. நின்னுக்கிட்டே தூங்கி மடங்கி விழுவாங்க. உடனே எழுந்து சுத்திப் பார்ப்பாங்க. நாங்க பார்க்காத மாதிரி இருந்துடுவோம். சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துட்டு நகர்த்திடுவாங்க. யாராவது கேட்டா, "நல்லாத்தான் இருக்கேன், போய் வேலையைப் பாரு."

வீட்டுக்குப் போகணும்னு யாராவது கடிதத்துல எழுதினா, அவங்க பேரை மேலதிகாரி முற்றத்துல எல்லாரையும் நிற்க வச்சுப் படிச்சுக் காட்டுவாரு. அதனால யாரும் எழுத மாட்டோம். அம்மா ஒவ்வொரு தடவை தபால் வரும்போதும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்பாங்க. "ஆபீஸ் உறை ஏதாச்சும் வந்துச்சா ஆணி?" என்ன உறைன்னு எனக்குத் தெரியாது. ஜூன் கடைசி தபால் வந்தன்னிக்கும் கேட்டாங்க. இல்லைம்மான்னேன். சரின்னாங்க.

ஜூலை ஆரம்பத்துல ஒரு நாள், பட்டப்பகல்ல, போட்டிருந்த கோட்டைக் கழட்டி மடிச்சுக் கட்டில்ல வச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு, காவலுக்கு நின்னவன்கிட்ட "வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டு நடந்திருக்காங்க. ஓடலை ஐயா. ரோட்டோரமா நடந்தே போயிருக்காங்க. வண்டியில போய்ப் பிடிச்சுட்டு வந்தாங்க. போர் நேரத்துல இடத்தை விட்டுப் போனதுன்னு வழக்கு.

உங்களைப் பத்திப் பேசுனா மட்டும் சிரிப்பாங்க. "எங்கப்பா கை கழுவப் போனாக்கூட சோப்புகிட்ட அனுமதி கேட்பாரு"ம்பாங்க. அன்பாத்தான் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
ஆணி


ஆகஸ்ட் 16

அன்புள்ள ஆணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடல்நலம் எப்படி என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

நீங்கள் எழுதிய உறை எதுவென்று எனக்குத் தெரியும். மனுவில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல் முறையாக ஓர் அலுவலகத்தில் யாரும் கூப்பிடாமல் உள்ளே நுழைந்தேன். அங்கிருந்தவர் ஒரு பெண்; மரியாதையாகத்தான் பேசினார்.

"கெடு ஜூனோட முடிஞ்சுது பெரியவரே. அதோட உங்க பொண்ணு இப்ப பணியில இல்லை, காவல்ல இருக்காங்க. இந்த விதியே அவங்களுக்குப் பொருந்தாது. ஏன் இவ்வளவு தாமதம்?"

"அவ சம்மதத்துக்காகக் காத்திருந்தேன்."

அவர் மனுவைப் புரட்டிப் பார்த்தார். "இதுல பிள்ளையோட சம்மதம்னு ஒரு இடமே இல்லையே. எந்தப் பிள்ளையும் வாய் திறந்து சரின்னு சொல்லாதுன்னுதானே, தகப்பன் கேட்கணும்னு வச்சிருக்காங்க?"

நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போர்ப்படத்தில் பயத்தை மனிதன் முகத்தில் தேடாதே, குதிரையிடம் தேடு என்று அவளுக்கே எழுதியவன் நான். அவள் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, அப்பாவுக்குத் தெரிந்த பாஷை இதுதான் என்று ஒரு குதிரையை எழுதி அனுப்பியிருக்கிறாள். நான் அந்தக் குதிரைக்குத் தவிடு பிசைந்து கொடுக்கச் சொன்னேன். அதன் சொந்தக்காரரைத் திட்டினேன். விலாசம் கேட்டேன்.

மேல்கூடத்துக்கு இப்போது நான் போவதில்லை. எல்லாச் சுவரிலிருந்தும் அவை பார்க்கின்றன. காவல்காரர் நேற்று, "என்ன சார், முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன்.

அவளைப் பார்க்க விடுவார்களா? தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கள்,
அவளுடைய அப்பா


செப்டம்பர் 9

ஐயாவுக்கு வணக்கம்.

நான் சுகம். நீங்க மனசைத் தேத்திக்கணும்.

டிரைவர் விசாரிச்சு வந்தாரு. தீர்ப்பு ஆயிடுச்சாம். மூணு வருசம். மலையில இருந்து சாட்சி சொல்ல எங்கள்ல யாரையும் கூப்பிடலை. நாங்க போறோம்னு கேட்டதுக்கும் விடலை. அம்மா எதுவும் மறுத்துப் பேசலைன்னு சொன்னாங்க.

டவுன் ரயிலடியிலேர்ந்து நேரா நடந்தா சிறை. புதன்கிழமை பார்க்க விடுவாங்க, ரத்த சொந்தம்னா. ஆனா உள்ள இருக்கறவங்க வர சம்மதிச்சாதான்.

ஆணி


அக்டோபர் 14

அன்புள்ள ஆணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் இப்போது டவுனில்தான் இருக்கிறேன். போன புதன்கிழமை அவளைப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நீண்ட மேசை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பக்கத்தில் ஒரு காவலர். அவள் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நாலு மைல் நடந்து வந்த விருந்தாளியை விசாரிப்பது போல விசாரித்தாள்.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்லை."

"கண்காட்சி?"

"நீட்டிச்சிருக்காங்க. வேற ஊருக்கும் கொண்டுபோகப் போறாங்களாம். புத்தகம் போடணும், எழுதித் தாங்கன்னு காப்பாட்சியர் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்."

"ஏம்ப்பா? நல்லா எழுதுவீங்களே."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "நான் மனுவைக் கொடுத்திருக்கணும் அம்மாடி," என்றேன்.

"எதுக்குப்பா? நான்தானே வேண்டாம்னு எழுதினேன்."

"நீ எழுதினது..."

"எழுதினதைத்தானே நீங்க படிக்க முடியும்?"

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருக்கலாம். இத்தனை தூரம் வந்ததே அதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் என் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாததைப் பார்த்து, தைத்துக்கொள்ளச் சொன்னாள். தூங்குகிறாயா என்று கேட்டேன். தூங்குகிறேன் என்றாள். சாப்பிடுகிறாயா என்றேன். சாப்பிடுகிறேன் என்றாள். காவலர் எழுந்து நின்றார்.

"அடுத்த புதன்கிழமை வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடித்த பிறகுதான், மறுபடியும் அவள் சம்மதத்தைக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம்ப்பா. உங்களுக்கு அலைச்சல். ஊருக்குப் போங்க."

ரயிலடிக்குப் போனேன். சீட்டும் வாங்கினேன். ரயில் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். நான் ஏறவில்லை. அது போனபிறகு வெளியே வந்து, ஒரு தையல்கடைக்கு மேலே அறை பிடித்தேன். எத்தனை நாளைக்கு என்று கடைக்காரர் கேட்டார். "தெரியலைங்க," என்றேன். "தெரியாம எப்படிப் பெரியவரே வாடகை சொல்றது?" என்று சிரித்தார். கடைசியில் அவராக ஒன்று சொன்னார்.

நாளைக்குப் புதன்கிழமை. போகிறேன். அவள் வர மறுத்துவிட்டால், நேரம் முடிகிறவரை அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அதற்கு அடுத்த புதன்கிழமையும் போவேன். இதனால் அவளுக்கு ஏதாவது நன்மை உண்டா, தொந்தரவுதானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா